பழசு முந்தி, புதுசு பிந்தி

பட்டாளம் என்றால் துப்பாக்கி, பீரங்கி, டுமீல் டமால் என்று நினைத்துக்கொண்டு யாராவது கோணக்கரடு முகாமுக்கு வந்தால் ஏமாந்துதான் போவார்கள். அது சண்டை போடுகிற பட்டாளம் இல்லை. சண்டை போடுகிறவனுக்குச் சோறு, கம்பளி, பூட்ஸ், சோப்பு எல்லாம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே, அதை எப்படி அனுப்புவது என்று சொல்லிக்கொடுக்கிற பட்டாளம். தளவாடப் பயிற்சி முகாம் என்று வாசலில் பெரிதாக எழுதியிருக்கும். அங்கே சொல்லிக்கொடுப்பவர் யார், கற்றுக்கொள்பவர் யார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர்களுக்கே அது சரியாகத் தெரியாது.

எந்தக் காலத்திலோ வடக்கேயிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தாராம். கிடங்கைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் அரிசி மூட்டை ஒன்று வண்டு விழுந்து கிடந்தது. முகத்தைச் சுளித்தார். "பழைய சரக்கு முதலில் போகவேண்டும். புதிய சரக்கு அதற்குப் பிறகுதான்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நல்ல யோசனைதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று அந்த மகராசன் கொஞ்சம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். அவர் போன மறுநாளே சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதிவிட்டார்கள்: பழசு முந்தி, புதுசு பிந்தி.

முதலில் ரொட்டியில் ஆரம்பித்தது. டவுனிலிருந்து தினமும் காலையில் ஆவி பறக்க ரொட்டி வரும். ஆனால் நேற்றைய ரொட்டி மிச்சம் இருக்கிறதே, அது பழசு இல்லையா? அதனால் அதைத் தின்றார்கள். இன்றைய ரொட்டி காத்திருந்தது. மறுநாள் அது நேற்றைய ரொட்டி ஆகிவிட்டது, அதைத் தின்றார்கள். இப்படியே போய், கோணக்கரட்டில் பல்லுக்குப் பதமாக ஒரு ரொட்டியைக் கடித்தவர் ஒருத்தர்கூட இல்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவன் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டான், புது ரொட்டியை நாம் எப்போதுதான் சாப்பிடுவோம் என்று. சமையல்கார நாயக் பிச்சைக்கனி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார்: "பழசானதும்."

முகாமுக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் முள்ளிப்பாடு என்கிற ஊர். கத்தரிக்காய்க்குப் பேர்போன மண். விளைந்ததெல்லாம் முகாமுக்குத்தான் போகும். ஆரம்பத்தில் ஊர்க்காரர்கள் காலையில் பறித்து, பனி ஈரம் காயாமல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிடங்கில் நின்றவன் எப்போது பறித்தது என்று கேட்பான். இன்றைக்கு என்று சொன்னவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். முந்தாநாள் பறித்தவனுக்கு முன்னால் இடம். சுருங்கி, வெம்பி, ஈ மொய்க்கிற கூடை எதுவோ அதற்கு ராஜ மரியாதை. ஊர்க்காரர்கள் லேசுப்பட்டவர்களா? கத்தரிக்காயைப் பறித்து வெயிலில் நன்றாக வாட்டி எடுத்துக் கொண்டுவரப் பழகிவிட்டார்கள். பால்காரர் பாலை விட்டுத் தயிருக்குப் போனார், தயிரை விட்டுப் புளித்த மோருக்குப் போனார். கடைசியில் ஊருக்கும் முகாமுக்கும் வித்தியாசமே தெரியாமல் போயிற்று. ஊர் எது, முகாம் எது என்று மூக்கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாத நிலை.

நம்முடைய கதாநாயகன் லான்ஸ் நாயக் சொள்ளமுத்து அந்தக் கிடங்கில் நின்றவன்தான். நல்ல பையன். பொய் சொல்லத் தெரியாது. யாராவது சிரித்தால் தானும் சிரித்துவிட்டு அப்புறம் எதற்கு என்று யோசிப்பான். சுவரில் எழுதியிருந்த அந்த வாக்கியத்தை அவன் அளவுக்கு மனசில் வாங்கிக்கொண்டவர் முகாமிலேயே கிடையாது. குளிக்கும்போதுகூடப் பழைய சோப்புத்துண்டு கரைகிற வரைக்கும் புது சோப்பைத் தொடமாட்டான்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் காதல் வந்தது. ஆறுமுகநயினார் என்கிற கத்தரித்தோட்டக்காரர் மகள் தங்கப்பழம் தினமும் கூடையோடு வருவாள். சுறுசுறுப்பான பெண். வெடுக்கென்று பேசுவாள். வாடாத காயை வாடியது என்று சொல்லி விற்கிற சாமர்த்தியம் அவளுக்கு மட்டும்தான் உண்டு. கல்லு ரொட்டி தின்று இவன் கன்னம் ஒட்டிப்போயிருந்ததைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாள் போல. ஒருநாள் கம்பிவேலிக்கு மேலே கையை நீட்டி, சுடச்சுட ஒரு தோசையை இலையில் வைத்துக் கொடுத்தாள். சொள்ளமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில் எச்சில் ஊறியது. அப்படியே பிய்த்துப் போட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் பெட்டிக்குள்ளே நேற்றைய ரொட்டி இருக்கிறதே! முதலில் அதைத் தின்றான். தோசை ஆறி, விறைத்து, ஓரம் மடங்கினதும், அவள் நினைப்போடு அதையும் தின்றான். அவளுக்கு அது தெரிந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே அவனைக் கட்டிக்கொள்வது என்று முடிவும் செய்துவிட்டாள். பெண்கள் மனசை யார் கண்டார்கள்.

ஆறுமுகநயினாரும் சரி என்றார். ஆவணி கடைசி முகூர்த்தத்தில் வைத்துக்கொள்வதாகப் பேச்சு. அந்தச் சமயம் பார்த்துத்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லைக்கு ஓர் ஆள் வேண்டும். பனிமலை, காவல் சாவடி, போனால் திரும்பி வருவதற்கு வருஷக்கணக்காகும். அதனால் கல்யாணம் ஆகாத ஆளாகப் பார்த்து அனுப்பவேண்டும். புரட்டாசி பிறப்பதற்கு முன் ஆளை ஏற்றிக்கொள்ள லாரி வரும்.

முகாமில் மற்ற எல்லோருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு என்றுதான் நினைப்பு. எல்லோரும் சொள்ளமுத்துவைத்தான் பார்த்தார்கள். சொள்ளமுத்து ஓடிப்போய் மாமனார் ஆகப்போகிறவரிடம் சொன்னான்.

ஆறுமுகநயினார் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இங்க பாரும் மாப்ளே. லாரி வர்றதுக்கு முன்னாடி தாலி ஏறிட்டா நீரு கல்யாணம் ஆன ஆளு, உம்மைக் கொண்டுபோக முடியாது. ஏறலையா, நீரு பனிமலைக்கு, எம் மக டவுனுல சிமெண்டுக்கடை வச்சிருக்கவனுக்கு. அவன் இப்பவும் ஆள் விட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

ஆவணி கடைசி முகூர்த்தத்தை விட்டால் அப்புறம் புரட்டாசி. அந்த மாதத்தில் யார் தாலி கட்டுவார்கள்? ஆக எல்லாம் அந்த ஒரு காலைப்பொழுதில் இருந்தது. சொள்ளமுத்து சாப்பிடவே மறந்துபோனான். அன்றைய ரொட்டி நேற்றைய ரொட்டியும் ஆகி, முந்தாநாள் ரொட்டியும் ஆனது.

முகாமுக்குத் தலைவர் சுபேதார் வேலாண்டி. கெடாமீசை. ஐம்பதைத் தாண்டியவர். கடுமையான ஆள் போலத் தெரிவார், ஆனால் பூனைக்குட்டி செத்தால்கூட அழுதுவிடுவார். பையன் இப்படி வாடிப்போனதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. அணிவகுப்பில் எல்லோரையும் நிறுத்தி அறிவித்தார். சொள்ளமுத்து கல்யாணம் இனி அவன் வீட்டு விசேஷம் இல்லை, முகாமின் பயிற்சி. சாப்பாடு, பந்தல், வண்டி, மாலை எல்லாம் முகாமே பொறுப்பு. முகாமின் முறைப்படியே எல்லாம் நடக்கும்.

இதைக் கேட்டு சொள்ளமுத்து சந்தோஷத்தில் அழுதான். தங்கப்பழமும் அழுதாளாம். அவள் அழுதது சந்தோஷத்தில் இல்லை.

கல்யாணத்துக்கு முதல்நாளே மாலைக்காரர் கமகமவென்று ரோஜாமாலை கட்டிக்கொண்டு வந்தார். அதைக் கொண்டுபோய்ப் பின்வரிசையில் மாட்டினார்கள். அதற்கு முந்தி வந்த மாலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள். இருந்தது. போன ஆயுதபூஜைக்கு லாரி முகப்பில் போட்டு, யாரும் எடுக்க மறந்த சாமந்தி மாலை. பூ எல்லாம் உதிர்ந்துபோய் நாரும் நடுவில் ஒரு எலுமிச்சம்பழத் தோலும் இருந்தது. மாப்பிள்ளைக்கு அதுதான் என்று ஆயிற்று. சொள்ளமுத்து கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, முறையாக இருக்கிறது என்று திருப்திப்பட்டான்.

மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும். டிரைவர் அருளானந்தத்தின் கையில் மூன்று லாரிகள் இருந்தன. மூன்றில் எது பழசோ அதுதான் முதலில் போகவேண்டும். அது வேப்பமரத்தடியில் நின்றது. அதற்கு என்ஜின் கிடையாது. என்ஜின் இருந்த இடத்தில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

அருளானந்தம் கொஞ்சம் தயங்கினார். என்ஜின் இல்லாமல் எப்படிப் போகும் என்று கேட்டார். சுபேதார் மீசையை முறுக்கிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என்ஜின் இருக்கா இல்லையான்னு அதிகாரி கேட்டாரா?"

"கேக்கல சாப்."

"பழசா புதுசான்னுதானே கேட்டாரு?"

"ஆமா சாப்."

"பெறகென்ன?"

அருளானந்தத்துக்கு மனசு தெளிந்தது. புது லாரியைக் கொண்டுவந்து பின்னால் நிறுத்தி, பழைய லாரியை அதன் மூக்கால் முட்டித் தள்ளிக்கொண்டு போகலாம் என்று அவரே கண்டுபிடித்தார். பழைய லாரியில் சொள்ளமுத்து நாரு மாலையோடு நின்றான். பக்கத்தில் கோழி. முன்னால் மேளம், நாதசுரம். முன்னால் போகிற வண்டிக்கு ஸ்டியரிங் பிடிக்க ஆள் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அதனால் ஊர்வலம் முள்ளிப்பாட்டுக்குப் போகாமல் நேரே கத்தரித்தோட்டத்துக்குள் போய் வாய்க்காலில் நின்றது. அடிபட்டது ஒன்றும் இல்லை, இரண்டு பாத்திதான் நாசம். மாப்பிள்ளையை இறக்கி, தோளைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆறுமுகநயினார் பாத்தியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. முகாம் அவரிடம்தானே காய் வாங்குகிறது.

கல்யாணம் ஊர் ஓடைக்கரையில், அரசமரத்தடிப் பிள்ளையாருக்கு முன்னால். பந்தலில் முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு பந்தி போட்டுவிட்டார்கள். பிச்சைக்கனி இலை விஷயத்தில் கறாராக இருந்தார். காலையில் அறுத்த தலைவாழை இலைக்கட்டு பின்னால் காத்திருந்தது. முன்னால் விரித்தது போன தைப்பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய இலை. அது இலை என்று அவர் சொன்னார், பார்த்தவர்களுக்குச் சருகாகத்தான் தெரிந்தது. சாம்பாரை ஊற்றினால் கிழிந்து கீழே போயிற்று. ரசம் ஊற்றினதும் ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குளம். ஆனால் யாரும் குறை சொல்லவில்லை என்றால் நம்புங்கள். முள்ளிப்பாட்டுக்காரர்கள் முகாமோடு பழகிப் பழகி அப்படி ஆகிவிட்டார்கள். பழைய இலை முதலில் போகிறது, சரிதானே என்று வேட்டியைப் பிழிந்துகொண்டு பாராட்டினார்கள்.

இத்தனைக்கு நடுவிலும் மணவறை என்று ஒன்று அமைந்துவிட்டது. தங்கப்பழம் கூறைப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் ஒருத்திதான் அந்தப் பந்தலில் புதுசாக இருந்தவள். சொள்ளமுத்து அவளைப் பார்த்தான். அப்பா, எவ்வளவு அழகு! இந்தப் பெண் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்காருவதா என்று நினைத்தான். பூசாரி தட்டில் தாலியை வைத்து எல்லோரிடமும் ஆசி வாங்கிக்கொண்டு வந்து அவன் கையில் கொடுத்தார். கெட்டிமேளம் ஆரம்பித்தது. சொள்ளமுத்து தாலியை எடுத்துக் குனிந்தான்.

குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் கண்ணுக்கு நேரே சுபேதார் வேலாண்டி நின்றுகொண்டிருந்தார். கையில் அட்சதை. கண்ணில் ஆனந்தக் கண்ணீர். ஐம்பதைத் தாண்டியவர். கல்யாணம் ஆகாதவர்.

ஆமாம், ஆகாதவர்தான். பட்டாளத்தையே கட்டிக்கொண்டவர் என்று எல்லோரும் மரியாதையாகச் சொல்லிச் சொல்லி, அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையே மறந்துபோயிருந்தார்கள். சொள்ளமுத்துவுக்கு இப்போதுதான் உறைத்தது. தான் என்கிற புது சரக்கு, சுபேதார் என்கிற பழைய சரக்கைத் தாண்டிக்கொண்டு வெளியே போகிறது. அதுவும் தன் கையாலேயே. கிடங்கில் ஒருநாளும் நடக்காத தப்பு. கட்டிவிடு, கட்டிவிடு என்று மனசு கெஞ்சியது. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடலாம் என்றுகூட நினைத்தான், பாவம். முடியவில்லை. நிமிர்ந்து நின்று, மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினான்.

"சாப், உங்களுக்கு இன்னும் ஆகலையே."

மேளம் நின்றது. சுபேதாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் முகம் வெளிறிவிட்டது. சட்டத்துக்கு விரோதமாக இத்தனை வருஷம் தான் பின்வரிசையில் கிடந்திருக்கிறோம் என்கிற வெட்கம் ஒரு பக்கம். பையன் ஆசைப்பட்ட பெண்ணாயிற்றே என்கிற வருத்தம் ஒரு பக்கம். பிச்சைக்கனியைப் பார்த்தார். பிச்சைக்கனி வேதனையோடு தலையை ஆட்டினார். ரொட்டிக்கு ஒரு நியாயம், சுபேதாருக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாதே.

"நான் என்னப்பா செய்யட்டும்?" என்றார் சுபேதார், குரல் உடைந்துபோய்.

தாலியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொள்ளமுத்து நீட்டினான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அவர் வாங்க மறுத்தார். தன்னைவிடப் பழைய ஆள் ஊரில் இருக்கிறாரா என்று முதலில் பார்க்கவேண்டும், அவசரப்பட்டு இன்னொரு தப்பு நடந்துவிடக் கூடாது என்றார். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஆடு மேய்க்கிற மந்திரமூர்த்தித் தாத்தாவின் ஞாபகம் வந்தது. எழுபதுக்கு மேல் இருக்கும். பெண் கிடைக்காமலே நின்றுபோனவர். பந்தியில் சருகைப் பொறுக்கிக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து மணவறையில் உட்காரவைத்தார்கள். தங்கப்பழம் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், தாத்தா எழுந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

பின்னாலிருந்தே குரல் கொடுத்தார் தாத்தா. "எனக்கும் மூத்தவர் ஒருத்தர் இருக்காரே."

"யாரு?"

தாத்தா கையை நீட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அரசமரத்தடியில் பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

மறுக்க முடியுமா? சிவனுக்கே மூத்த பிள்ளை. தம்பிக்கு இரண்டு கல்யாணம் ஆகிவிட்டது, இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து குளிக்க வருகிறவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்துக் காலம் போகிறது. அவரைத் தாண்டிக்கொண்டுதான் இந்த ஊரில் இத்தனை பேரும் கல்யாணம் செய்திருக்கிறார்கள். அவரவர்கள் தங்கள் கல்யாணத்தை நினைத்துத் தலைகுனிந்தார்கள். பிச்சைக்கனி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிள்ளையாருக்குப் பெண் பார்த்து முடிக்கிற வரைக்கும் முகூர்த்தத்தை நிறுத்திவைக்க முடியுமா என்று சுபேதார் பூசாரியைக் கேட்டார். நேரம் முடியப்போகிறது, தேங்காய் உடைக்கிற அவகாசம்தான் மிச்சம் என்று பூசாரி பதறினார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. எல்லை லாரி வந்துவிட்டது.

சொள்ளமுத்து கையில் தாலியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் போயிற்று. பனிமலை ஒரு பக்கம், சிமெண்டுக்கடை ஒரு பக்கம். தப்பு யார் மேல் என்று தேடினால் யார் மேலும் இல்லை, முறை அப்படி. அதுதான் அவனுக்குத் தாங்கமுடியாத துக்கமாக இருந்தது.

தங்கப்பழம் எழுந்தாள். அதுவரைக்கும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே சுபேதாருக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க சொல்றது நியாயந்தான். ஆம்பளைங்க வரிசையில மொதல்ல பிள்ளையாரு, அப்புறம் தாத்தா, அப்புறம் நீங்க. இவரு முறை வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு விழுந்துரும். பொம்பளைங்க வரிசையைப் பாத்தீங்களா? இந்த ஊர்ல கல்யாணம் ஆகாம நிக்கிற பொண்ணுங்கள்ல மூத்தவ நான்தான். எங்க அப்பாவைக் கேளுங்க."

ஆறுமுகநயினார் நெளிந்தார். மகளுக்கு வயசு ஏறிப்போனதைப் பந்தலில் வைத்துச் சொல்ல எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும். ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்ப என் முறை வந்தாச்சு. உங்க யாரு முறையும் வரல. தாலியை யாரு கட்டணும்?"

சுபேதார் மீசையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. "முறை வந்த ஆளுதான் கட்டணும்."

"யாருக்குக் கட்டணும்?"

இது சிக்கலான கேள்வி. எல்லோரும் பிச்சைக்கனியைப் பார்த்தார்கள். அவர்தான் தினமும் பரிமாறுகிறவர். அவர் கண்ணை மூடி, ரொட்டியை மனசுக்குள் கொண்டுவந்து பார்த்தார். "போற சரக்குக்குத்தான் சாப் வரிசை. வாங்கிக்கிறவனுக்கு வரிசை கெடையாது. ரொட்டி முறைப்படி போகும், திங்கிறவன் யாரா இருந்தா என்ன?"

தீர்ப்பு வந்துவிட்டது. தங்கப்பழம் தரையில் உட்கார்ந்திருந்த சொள்ளமுத்துவின் கையிலிருந்து தாலியை வெடுக்கென்று பிடுங்கினாள். குனியுங்கள் என்றாள். அவன் குனிந்தான். மூன்று முடிச்சையும் அவளே போட்டாள், நாத்தனாருக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. மேளக்காரர்களுக்குக் கை தானாக எழுந்து கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். சொள்ளமுத்து தன் கழுத்தில் தொங்குகிற தாலியைத் தொட்டுப் பார்த்தான். கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவனுக்கு உலகமே கையில் கிடைத்த மாதிரி இருந்தது. கூடவே பிறந்த வீடான முகாமை விட்டுப் போகவேண்டுமே என்று அழுகையும் வந்தது. சுபேதாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, எங்கள் பிள்ளையைக் கண் கலங்காமல் பார்த்துக்கொள்ளம்மா என்று தங்கப்பழத்திடம் ஒப்படைத்தார். வீடு எங்கே இருக்கிறது? ரோட்டுக்கு அந்தப் பக்கம். இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா.

லாரியிலிருந்து இறங்கிய ஹவில்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆகாத ஆள் எங்கே என்று கேட்டார். எல்லோரும் பழக்கத்தில் சொள்ளமுத்துவைக் காட்டினார்கள். ஹவில்தார் அவன் கழுத்தைப் பார்த்தார். மஞ்சள் கயிறு, புதுத் தாலி. இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா?

"இவருக்கு ஆயிருச்சே. வேற ஆளைக் காட்டுங்க" என்றார்.

சொள்ளமுத்துவுக்கு உயிர் வந்தது. தங்கப்பழத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். அவளும் விடவில்லை. ஆனால் லாரி ஆளில்லாமல் திரும்பிப் போகக் கூடாதே. கல்யாணம் ஆகாத ஆள் ஒருத்தர் கட்டாயம் போயாகவேண்டும். சுபேதார் விறைப்பாக நின்று, நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். சொள்ளமுத்துதான் அவரைத் தடுத்தான். முகாமைவிட்டுப் போன பிறகும் முறை தெரிந்த பையன் அல்லவா.

"நீங்க மூணாவது சாப். முறை தப்பப்படாது."

அதுவும் சரிதான் என்று சுபேதார் பின்னால் வந்தார். எல்லை ஹவில்தார் இதைக் கேட்டு என்ன சொன்னார் என்கிறீர்களா? ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கோணக்கரட்டில் பயிற்சி எடுத்தவர்தான். முதலில் இருக்கிறவர் யாரோ அவரை ஏற்றுங்கள் என்று லாரியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஊரே சேர்ந்து பிள்ளையாரைப் பெயர்த்தெடுத்தது. வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் முள்ளிப்பாட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போகிற முதல் ஆள், அந்தப் பெருமை வேறு எந்த ஊருக்குக் கிடைக்கும்? பனி தாங்காதே என்று கழுத்தைச் சுற்றிக் கம்பளி போர்த்தினார்கள். வழிக்குச் சாப்பிடக் கொழுக்கட்டை கட்டிக் கொடுத்தார்கள், முந்தாநாள் அவித்தது. முகாம்காரர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அன்றைக்கு அருளானந்தம் முன்னால் மோட்டார் சைக்கிளில் வழிகாட்டிக்கொண்டு ஜில்லா எல்லைவரைக்கும் போய் வந்தார். கோணக்கரட்டிலிருந்து சேதாரம் இல்லாமல், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த முதல் சரக்கு அதுதான் என்கிறார்கள்.

சொள்ளமுத்து கத்தரித்தோட்டத்து வீட்டில் சௌக்கியமாக இருந்தான். காலையில் தாலியோடு முகாமுக்கு வேலைக்குப் போவான், சாயங்காலம் திரும்புவான். தோசையைச் சுடச்சுடத் தின்னப் பழக்கிவிட்டாள் தங்கப்பழம். அது தனிப் பாடு.

குளிர்காலம் முடிந்து ஒருநாள் முகாமுக்கு எல்லையிலிருந்து டெலிபோன் வந்தது. அங்கிருக்கிற பெரிய அதிகாரியே பேசினார். சுபேதார் எழுந்து விறைப்பாக நின்று கேட்டார். சொள்ளமுத்து பக்கத்தில் நின்று காதை வைத்துக் கேட்டான். அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி. நீங்கள் அனுப்பிய ஆளைப் போல ஒரு சிப்பாயைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். பனிப்புயல் அடித்தாலும் இடத்தை விட்டு நகரமாட்டாராம். தூங்குவதில்லையாம். லீவு கேட்பதில்லையாம். ரொட்டி கல்லாக இருக்கிறது என்று ஒருநாளும் புகார் சொன்னதில்லையாம். போன வாரம்தான் நாயக்காகப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்களாம்.

"அதே மாதிரி இன்னும் ரெண்டு பேரை அனுப்பிவையுங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி போனை வைத்தார்.